பிஸ்கட் டின்னுக்குள் என் குரல்

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒன்றில் நானும் மற்றதில் பவளம் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். என் கையில் காலி பிஸ்கட் டின். அதற்குள் வாயை வைத்து நான் இங்கிலீஷில் பேச வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கரகரப்பை மட்டும் கேட்டு, நான் என்ன சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி அது. கீழே பூக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லிகை வாசனையும் பக்கத்துக் கடையில் வடை பொரியும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து படியேறி வரும். ஆனால் என் மூக்கில் ஏறியது பழைய கிரீம் பிஸ்கட் வாசனைதான்.

"ஹலோ, கார்டு. பிளாக் சி. மை பிரதர் கமிங். வைட் கார்," என்றேன்.

"ஓகே சார்," என்றார் அக்கா உடனே.

"என்ன புரிஞ்சதுக்கா?"



"ஒண்ணும் புரியல தம்பி."

"அப்புறம் ஏன் ஓகே சொன்னீங்க?"

"ஓகே சொல்லாம வேற என்னத்தச் சொல்றது?"

வகுப்பில் இருந்த மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. அக்கா திரும்பாமலே சொன்னார்: "தம்பி வெட்கப்படுறது முதுகு வழியாவே தெரியுதுலா."

அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தது என்ன பாடம் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

காதால் பிழைக்கிறவன்

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் பேசுகிற ஆள் இல்லை என்பது தெரியும். இந்த வாரம்தான் முதல்முறை படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கிள்ளானில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வாக்கி டாக்கியில் வரும் குரல்களைக் கேட்டு, எந்தப் பெட்டி எந்த வரிசைக்குப் போகிறது என்று எழுதுவது என் வேலை. ஏர்கோன் போட்டு எல்லாக் கதவையும் மூடினாலும் டீசல் வாசனை எப்படியோ உள்ளே வந்துவிடும்.

சீனர், மலாய்க்காரர், பஞ்சாபி, எப்போதாவது கப்பலிலிருந்து ஒரு பிலிப்பினோ. எல்லாரும் இங்கிலீஷ் என்று சொல்லி ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள். எனக்கு எல்லாம் புரியும். பேசத்தான் வராது. ஐந்தாம் படிவத்தில், பதினேழு வயதோடு, என் படிப்பு நின்றது. யாராவது எதிரில் நின்று இங்கிலீஷில் ஏதாவது கேட்டால், அவர் போன பிறகு எனக்குப் பதில் வரும்.

இது சரோஜா டீச்சருக்குத் தெரியும். அவர் எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர், பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் பெரியவர்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் என் வீட்டு கேட்டில் நின்று சொன்னார்:

"சேகர், உங்களுக்குப் பேச வராது, கேட்க வரும். எனக்குப் பேசத்தான் வரும், அடுத்தவங்க பேசுறதக் கேட்கப் பொறுமை கிடையாது. இவங்களுக்குக் காதைத் திறந்து விட ஒரு ஆள் வேணும். வாங்களேன்."

எனக்கு விருப்பமில்லை. "சரிங்க டீச்சர்," என்றேன்.

எல்லாருக்கும் புரிந்தது

ஐந்து பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகத்தில் வேலை செய்யும் இரண்டு ஆண்கள், செந்தூலிலிருந்து வரும் இரண்டு பெண்கள், பிறகு பவளம் அக்கா. அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

முதல் நாள் டீச்சர் கொடுத்த ஒலிப்பதிவைப் போட்டேன். ஒரு வெள்ளைக்கார அம்மா நூலகத்துக்கு வழி கேட்கிறார். ஒரு வெள்ளைக்காரர் வழி சொல்கிறார். ஒருவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்கிறார். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே முடியும்வரை காத்திருந்தேன்.

"புரிஞ்சதா?"

"புரிஞ்சது," என்றார்கள் ஐந்து பேரும்.

"அந்த அம்மா எங்க போறாங்க?"

ஐந்து பேரும் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்கள். உணவகத்துக்காரர்களில் ஒருவர் மட்டும், "நல்லா பேசுறாங்க சார்," என்றார்.

நான் என்ன செய்வேன்? அன்றைக்கு டீச்சர் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். வேலை முடிந்து வந்ததும், துணி அலமாரிக் கதவைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, நானே மெதுவாக இங்கிலீஷில் பேசிப் பதிவு செய்தேன். பஸ் லேட்டாக வரும், மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடு, இந்த லிப்ட் வேலை செய்யாது. ஒவ்வொன்றும் அரை நிமிடம்கூட இருக்காது. அதை வாட்ஸ்அப்பில் ஐந்து பேருக்கும் அனுப்பினேன். ரயிலில் போகும்போது பத்துத் தடவை கேளுங்கள் என்று எழுதினேன்.

"அலமாரிக்குள்ள யாருகூடப் பேசுறீங்க?" என்றாள் என் மனைவி.

"கிளாஸ்கூட," என்றேன்.

ஒரு மாதம் கழித்து, நான் என்ன சொன்னாலும் ஐந்து பேரும் பிடித்துவிட்டார்கள். பவளம் அக்கா நான் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்வார். என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

ஒரு மணிச் சோறு

அக்கா செராஸில் ஓர் அடுக்குமாடி கொண்டோவில் ஜாகா வேலை, அதாவது வாசல் காவல் வேலை, பார்க்கிறார். கார்டு ஹவுஸில் பகல் வேலை. முன்பெல்லாம் யாராவது விருந்தாளி வந்தால் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கிப் பதிந்துவிட்டு கேட்டைத் தூக்கிவிடுவாராம். புதிதாக வந்த மேனேஜர் இண்டர்கோம் போட்டுவிட்டார். இனி வீட்டுக்காரர்கள் மேலிருந்து கூப்பிட்டு, யார் வருகிறார் என்று சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் எல்லாரும் இங்கிலீஷ்தான். முகம் தெரியாது, கை ஆட்டுவது தெரியாது, குரல் மட்டும் கொர் கொர் என்று வரும்.

ஒரு பெண் கூப்பிட்டு, இன்ன பெயரில் ஒருவர் வருவார், அவரை உள்ளே விடாதே என்று சொல்லியிருக்கிறார். அக்கா "ஓகே மேடம்" என்று வைத்துவிட்டார். அந்த ஆள் வந்தார், பெயரைச் சொன்னார். அக்கா கேட்டைத் தூக்கிவிட்டார். அவர் மேலே போய் அந்தப் பெண்ணின் கதவை அரை மணி நேரம் தட்டிக் கத்தியிருக்கிறார்.

"நல்லவேளை, வேற ஒண்ணும் ஆகலை," என்று அக்கா எங்களிடம் சொன்னார். சொல்லும்போது கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் சொல்லிவிட்டாராம்: மாதக் கடைசியில் ஒரு காலை முழுக்க சூப்பர்வைசர் கார்டு ஹவுஸில் வந்து உட்காருவார். அக்கா எப்படிக் கேட்கிறார், எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பார். சரியில்லை என்றால் வெகு தூரத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இண்டர்கோம் இல்லை, லோரிக்குக் கதவு திறந்து மூடினால் போதும்.

"அது சுலபமான வேலைதானேக்கா?" என்று செந்தூல் பெண் கேட்டார்.

"சுலபம்தான். ஒரு மணிக்கு அவருக்கு யாரு சோறு ஊட்டுவா?"

அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். வலது கை தூக்க வராது, பேச்சும் சரியாக வராது. கொண்டோவிலிருந்து அவர்கள் பிளாட் பத்து நிமிட நடை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய், ஒரு மணிக்கு ஊட்டிவிட்டு ஓடி வருவார். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அப்படி ஓடி வர முடியாது.

"நம்ம தம்பி இருக்காருல்ல. பாஸாயிடுவேன்," என்றார் என்னைப் பார்த்து.

நான் தலையை ஆட்டினேன்.

தொண்டை கட்டிய ஞாயிறு

அடுத்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதே வாக்கியங்களை, நான் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து, சரோஜா டீச்சர் படித்தார். அவருடைய உச்சரிப்பு என்னுடையதைவிட நூறு மடங்கு சுத்தம்.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

டீச்சர் இன்னொரு தடவை படித்தார். பிறகு மெதுவாகப் படித்தார். பவளம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் காற்றாடியைப் பார்த்த அதே முகம்.

"சார் சொன்னா புரியுது. டீச்சர் சொன்னா புரியல," என்றார் உணவகத்துக்காரர், மெதுவாக.

டீச்சர் தாளை மேசையில் வைத்தார். "சேகர், இவங்க இங்கிலீஷ் கத்துக்கலை. உங்களைக் கத்துக்கிட்டிருக்காங்க."

நான் எங்கே தயங்குவேன், எந்தச் சொல்லை இழுப்பேன், எந்த இடத்தில் மூச்சு விடுவேன் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். உலகத்தில் எல்லாரும் சேகராக இருந்தால் இவர்களுக்குக் கவலையே இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருந்தது. கிள்ளானுக்குத் திரும்பும் கொம்யூட்டர் ரயிலில் உட்காரக் காலி இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கேன்டீனில் மூன்று நாள்

வேறு குரல்கள் வேண்டும். என்னைச் சுற்றி டிப்போ முழுக்கக் குரல்கள்தான். கேட்டு வாங்கத்தான் தைரியம் வேண்டும்.

முதல் நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீனில் தேத்தண்ணி குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் போர்க்லிப்ட் ஓட்டும் ஆ கியோங் தானாகவே வந்து கேட்டான்: "பாஸ், எவ்ரிடே யூ ஹோல்ட் ஹேண்ட்போன் லுக் அட் மீ. வாட் ப்ராப்ளம்?"

எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, மேசை மேசையாகப் போய் எல்லாரையும் கூப்பிட்டான். அந்தச் சாப்பாட்டு நேரத்திலேயே பதினொரு குரல் கிடைத்தது. ஹாஷிம் அபாங், எங்கள் மலாய் அண்ணன், பாடுவதுபோல் பேசினார். லோரி வைத்திருக்கும் பஞ்சாபிக்காரர், இல்லாத ஒரு ஜாகாவை உண்மையாகவே ஏசினார். ஆ கியோங் பேசியது இது: "கார்டு ஆ, மை கசின் கமிங் லா, சில்வர் கார், யூ லெட் ஹிம் இன், டோன்ட் ஆஸ்க் ஸோ மெனி கொஸ்டின்."

எல்லாவற்றையும் அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "அந்த பஞ்சாபி என்ன தம்பி இப்டி ஏசுறாரு. நான் அவருக்கு என்ன பண்ணினேன்."

புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏசியது மட்டும் புரிந்ததா, வேறு ஏதாவதும் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஒலிப்பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கார்டு ஹவுஸில் கூப்பிடுகிறவர் காத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் அந்தக் கடைசி ஞாயிறு, நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்தேன்.

ஓகே கூடாது

அக்கா "ஓகே சார்" என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

"புரியலைன்னா மறுபடி கேளுங்கக்கா," என்றேன்.

"அவங்க பெரிய ஆளுங்க தம்பி. மறுபடி கேட்டா, அவங்க முன்னாடி கால் மேல கால் போட்டு உக்கார்ற மாதிரி இருக்கு."

இதற்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் கல்யாணத்துக்கு முன்பு மாமனார் ஒருநாள் போன் செய்தார். லைன் சரியில்லை. ஏதோ நீளமாகக் கேட்டார். பெரியவரிடம் என்ன மறுபடி கேட்பது என்று, "சரிங்க," என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டிலேயே தங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பதினொரு வருடம் அங்கே இருந்தேன். மாமனார் நல்ல மனிதர், அது வேறு விஷயம்.

அப்போதுதான் வாக்கி டாக்கி நினைவுக்கு வந்தது. எங்கள் டிப்போவில் யாரும் ஓகே என்று சொல்லி வைத்துவிட முடியாது. பெட்டியின் எண், வரிசை, அடுக்கு எல்லாவற்றையும் கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால்தான் அந்தப் பக்கம் "கரெக்ட்" என்று வரும். இல்லாவிட்டால் இருபது டன் பெட்டி தப்பான இடத்தில் உட்கார்ந்துவிடும். தினமும் நூறு தடவை இதைச் செய்கிறேன். அது வேலைச் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, வெளியில் யாருக்காவது உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அக்கா, ஓகே கூடாது. கேட்டதத் திரும்பச் சொல்லுங்க. விட்டுப்போனதுக்கு 'சாரி, ஒன் மோர் டைம்.' அவ்ளோதான்."

"கிளிப்பிள்ளை மாதிரியா?"

"ஆமா."

சரோஜா டீச்சர் குறுக்கே வந்தார். "சேகர், இது பேச்சுப் பயிற்சி. காதுக்குப் பயிற்சி குடுக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

 டீச்சர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாரி" சத்தமாக வந்தது. "ஒன் மோர் டைம்" தொண்டையிலேயே நின்றது. அன்றைக்கு முழுக்க அது வெளியில் வரவில்லை.

மூன்று வாரம்

மாதக் கடைசி போனது. அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் அனுப்பிய குரல் பதிவுகள் கேட்கப்படாமலே கிடந்தன.

"போன் பண்ணிக் கேளுங்களேன்," என்றார் டீச்சர்.

"சரிங்க டீச்சர்," என்றேன். பண்ணவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பெரிய இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பதும், இந்தப் பக்கம் ஒரு தட்டில் சோறு ஆறிக்கொண்டிருப்பதும் வேலை நேரத்திலேயே கண்ணுக்கு வந்தது. ஒரு மாதம் என் குரலையே கேட்க வைத்து அவருடைய நேரத்தை வீணாக்கியவன் நான்.

மூன்றாவது வாரம் ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு, ரயில் மாறி செராஸுக்குப் போனேன். அக்கா இல்லாவிட்டால் அப்படியே திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

கார்டு ஹவுஸ் ஜன்னலில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஓர் உருவம் தெரிந்தது.

"வாங்க வாத்தியாரே," என்றார் பவளம் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் இண்டர்கோம் கத்தியது. அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

ஒரு கிழவரின் குரல். சீனர் என்று நினைக்கிறேன். வாயில் பல் இல்லை என்றும் நினைக்கிறேன். இருபது வருடம் வாக்கி டாக்கி கேட்ட என் காதில் ஒரு சொல்கூடச் சிக்கவில்லை.

"சாரி அங்கிள், ஒன் மோர் டைம்," என்றார் அக்கா. குரல் தெளிவாக வெளியில் வந்தது.

மறுபடி அதே கொழகொழப்பு.

"பிளாக் பி, அங்கிள். அப்புறம்? சாரி, ஒன் மோர் டைம்."

மறுபடி. இந்தத் தடவை கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அக்கா அசரவில்லை. நாலாவது தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிளாக் பி. கேஸ் மேன் கமிங். ஓல்ட் மேன் கேன். நியூ மேன் கேனாட். கரெக்ட், அங்கிள்?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அது கரெக்டாக இருக்க வேண்டும். பழைய கேஸ்காரர் வந்தால் விடலாம், புதியவரை விடக்கூடாது என்று அக்கா புத்தகத்தில் எழுதினார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலைக்கா," என்றேன்.

"உங்க காதுல இன்னைக்குத்தானே விழுந்துச்சு. அந்த அங்கிள் டெய்லி நாலு தடவ எனக்குச் சொல்றாரு."

சூப்பர்வைசர் வந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"பக்கத்துல உக்காந்துட்டாரு. காலையிலேருந்து ஒன்பது தடவ ஒன் மோர் டைம் சொன்னேன். ஒரு ஆளு ஏசிட்டு வெச்சிட்டாரு. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன் தம்பி. கடைசில புக்கப் பார்த்துட்டு, எழுதினது எல்லாம் சரியா இருக்கு, ஆனா ரொம்ப ஸ்லோ, அப்டின்னாரு. வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாங்க."

"அப்போ பாஸா?"

"தெரியல. ஒரு மணிக்கு வீட்டுக்குப் போறேன். அதுதான் தெரியும்."

போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். ஞாயிறு லீவையும் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்களாம். அவ்வளவுதான் காரணம்.

அக்கா குடையை எடுத்தார். மாற்று ஆளாக ஒரு நேப்பாளத்து கார்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு உங்க குரல் நல்லாத் தெரியும் தம்பி. போன் தண்ணியில விழுறதுக்கு முன்னாடி, சோறு ஊட்டுறப்ப உங்க பதிவப் போட்டு விடுவேன். நீங்க 'ஹலோ' சொல்றதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விடுவீங்கல்ல, அதுக்கு மட்டும் சிரிப்பாரு. புதன்கிழமை வீட்டுக்கு வாங்க. இந்த ரோட்டுல நேராப் போய் சூராவ் தாண்டி வலது பக்கம், ஆறாவது பிளாக், முன்னாடி லிப்ட் வேலை செய்யாது, பின்னாடி படியில மூணாவது மாடி, பச்சை கிரில்."

ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து, சூராவ் தொழுகைக் கூடத்துப் பக்கம் போனது.

"சரிக்கா," என்றேன்.

அக்கா நின்றுவிட்டார். "சரி வேணாம்லா. திரும்பச் சொல்லுங்க."

நேப்பாளத்துக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சூடாகியது.

"சூராவ் தாண்டி இடது பக்கம்..."

"வலது."

"வலது பக்கம். நாலாவது பிளாக்..."

"ஆறு. மறுபடி."

மறுபடி சொன்னேன். சூராவ், வலது, ஆறு, பின்பக்கப் படி, மூணாவது மாடி. பச்சை கிரில்லில் வந்து நின்றேன்.

"கரெக்ட்," என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அக்கா வேகமாக நடந்தார். கார்டு ஹவுஸ் கடிகாரத்தில் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.